மலைநாட்டு மனைகளில் மரமும் செடியும்



நுவரெலியாவிலோ ஹற்றனிலோ பழைய துரை பங்களா ஒன்றினுள் நுழையும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், அங்குள்ள மேசைகளின் மேற்பரப்பைச் சற்றே உற்றுப் பாருங்கள். மெருகிட்ட பலகையின் நடுவே வெண்மையாகவோ கருமையாகவோ ஒரு வட்ட வடு தென்படக்கூடும். எப்பொழுதோ அவ்விடத்தில் ஒரு பூச்சாடி இருந்தது. அதன் அடியில் நீர் நின்றது. அதைத் துடைக்க வேண்டிய கை சில நாள் துடைக்கவில்லை. அந்த வடுவின் கதை இவ்வளவுதான் என்று தோன்றும். ஆயினும் அதைப் பின்தொடர்ந்து சென்றால், மலைநாட்டு வரலாற்றின் ஒரு பக்கமே நம் கண்முன் விரியும்.

செடியை வீட்டினுள் வைத்து வளர்க்கும் மோகம் ஆங்கிலேயரிடையே பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாகும். இலண்டன் மாநகரில் நதானியல் வார்டு என்னும் மருத்துவர், 1829ஆம் ஆண்டில், மூடிய கண்ணாடிப் புட்டி ஒன்றினுள் பன்னச் செடி தானாக முளைத்திருப்பதைக் கண்டார். மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்குவதால், வெளியிலிருந்து நீர் ஊற்றாமலே அச்செடி பிழைத்திருந்தது. இதைக் கொண்டு அவர் மரச் சட்டமும் கண்ணாடியும் சேர்த்து அமைத்த பெட்டி, செடிகளை உயிரோடு கடல் கடத்தும் கருவியாயிற்று. 1876ஆம் ஆண்டில் இலண்டனின் கியூ பூங்காவிலிருந்து 1,919 றப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டபோது, அவை 38 வார்டுப் பெட்டிகளிலேயே பயணம் செய்தன.

கண்டியை அடுத்த பேராதனைப் பூங்கா 1821ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பவரின் பொறுப்பில் தொடங்கிற்று. நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலைப் பூங்கா, காய்ச்சல் மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்க்கும் பொருட்டு 1861ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. நாளடைவில் அது குளிர்நாட்டு மலர்களுக்கும் பன்னங்களுக்கும் பேர்பெற்ற இடமாயிற்று. கோப்பிக் காலத்திலும், ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கி வைத்த தேயிலைக் காலத்திலும், தம் தாயகத்தை நினைந்து ஏங்கிய துரைமார் குடும்பங்கள் பன்னத்தையும் பெகோனியாவையும் சாடிகளில் வளர்த்தன. முதலில் வராந்தாவில் நின்ற சாடி, பின்னர் கூடத்து மேசைக்கு வந்து சேர்ந்தது.

அந்த மேசையோ இந்நாட்டு மரத்தின் சிறப்பெல்லாம் திரண்ட பொருள். தேக்கு, பலா, முதிரை, கருங்காலி, நெடுன் என எத்தனை மரங்கள்! நெடுன் மரத்தின் தாவரவியற் பெயரில், பேராதனைப் பூங்காவைத் தொடங்கிய அந்த மூன் என்பவரின் பெயரே பொதிந்திருக்கிறது. செடி வளர்க்கும் பூங்காவின் முதல்வர் பெயரைத் தளபாட மரமே தாங்கி நிற்பது வியப்புக்குரிய பொருத்தமன்றோ? இம்மரங்களைக் கடைந்தும் இழைத்தும் அழகிய தளபாடங்களாக்குவதில் மேல்கரையின் மொறட்டுவைத் தச்சர் புகழ் பெற்றிருந்தனர். புகைவண்டிப் பாதை 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதற்கு முன்னர் பாரமான பொருள்களை மாட்டு வண்டியே மலைக்கு ஏற்றியது.

இவ்வாறு ஈரத்தை விரும்பும் செடியும், ஈரத்தை வெறுக்கும் மரமும் ஒரே கூடத்தில் குடியேறின. மலைநாட்டுக் குளிரும் பனிமூட்டமும் சிந்திய நீரை விரைவில் உலரவிடுவதில்லை. வட்டவளைப் பகுதி இலங்கையிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு நாழிகையில் காயும் ஈரம், அங்கே மறுநாளும் காயாதிருக்கும்.

நீர் மரத்தை எவ்வாறு கெடுக்கிறது என்பதை அறிந்தாலன்றிக் காக்கும் வழி விளங்காது. அக்காலத்து மெருகு பெரும்பாலும் அரக்கை மதுசாரத்தில் கரைத்துப் பூசியதாகும். அதன் மேல் ஈரம் தங்கினால், மெருகினுள்ளே நீர் நுண்ணிதாய்ப் புகுந்து வெள்ளை வளையம் தோன்றும். இது மேற்பூச்சின் நோய்; மரத்தை இன்னும் தொடவில்லை. கறுப்பு வளையமோ நீர் மெருகைக் கடந்து மரத்தினுள் இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால் மை போன்ற கருமை உண்டாகும்; ஆதலால் துருப்பிடித்த தகரத்தையோ இரும்புத் தாங்கியையோ ஈரத்தோடு பலகைமேல் வைப்பது பெருங்கேடு. மேலும், பலகையின் ஒரு புறம் மட்டும் நீருண்டால் அப்புறம் விரிய, மறுபுறம் விரியாது நிற்க, பலகை வளைந்து போகும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவாய் இருக்கும்வரை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் அதில் வளராது. அந்த எல்லையைத் தாண்டி ஈரம் நிலைத்தால் மரம் உளுக்கத் தொடங்கும்.

இந்த அறிவு மலைநாட்டில் வேறெங்கே இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தேயிலைத் தொழிலே ஈரத்தை வெல்லும் தொழில்தான். பறித்த கொழுந்தின் எடையில் முக்காற் பங்கு நீர். அதனைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் பரப்பி வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, சூட்டில் உலர்த்தி, நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு ஈரத்தைக் குறைத்த பின்னரே அது தேயிலையாகிறது. முற்காலத்தில் அதை மரப் பெட்டியிலிட்டபோது உள்ளே ஈயத் தகடு வேய்ந்தார்கள். வெளியீரம் உள்ளே புகாதிருக்கவே அந்த ஏற்பாடு. தமிழகத்திலிருந்து வந்து கொழுந்து பறித்தும், வாட்டியும், பெட்டியில் அடைத்தும் வாழ்ந்த நம்மவரே, ஈரத்தின் போக்கை நாள்தோறும் கையால் அறிந்தவர்கள்.

அந்த மக்களிற் சிலரே பங்களாவில் அப்புவாகவும், தோட்டக்காரராகவும் பணிபுரிந்தனர். சாடியடித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டியவரும், மேசையைத் துடைத்தவரும், மெழுகிட்டுத் தேய்த்தவரும் அவர்களே. மேசையைச் செய்வித்தவர் பெயர் குறிப்பேடுகளில் கிடைக்கலாம்; அதைக் காத்தவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பணி முடிந்து அவர்கள் திரும்பிய லயத்து அறையோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. அங்கே மெருகிட்ட மேசைக்கு இடமேது? ஆனாலும் பழைய தகரங்களில் துளசியும் செவ்வந்தியும் டேலியாவும் வாசலில் பூத்தன. மரமில்லாத வீட்டிலும் மலர் இருந்தது.

இனி, நாம் செய்யக்கூடியது யாது? முதலாவது, மெருகில்லாத மண் சாடி வியர்க்கும் தன்மையது. அதன் அடித்தட்டும் மண்ணாயின் நீரை மெல்லக் கசியவிடும். எனவே பளிங்கு மெருகிட்ட தட்டையே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, தட்டுக்கும் பலகைக்கும் இடையே காற்றுப் புகுமாறு சிறு கால்கள் உள்ள மணையை வைக்க வேண்டும். துணியோ எண்ணெய்ச் சீலையோ இடுவது காப்பதுபோலத் தோன்றினும், அடியில் ஈரத்தைச் சிறைப்படுத்திவிடும். மூன்றாவது, நீர் ஊற்றும்போது செடியை வெளியே கொண்டுபோய், ஊற்றி, நன்கு வடியவிட்டு, பின்னரே மேசைக்குக் கொணர வேண்டும். நான்காவது, வாரம் ஒருமுறை சாடியைத் தூக்கி அடியைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வெள்ளை வளையம் தோன்றினால் அஞ்ச வேண்டா; சில நாள் உலரவிட்டு, சிறிது எண்ணெய் தொட்ட மென்துணியால் தேய்த்தால் பெரும்பாலும் குறையும். கறுப்பு வளையத்தைத் தச்சரிடம் விடுவதே நலம். அதைப் போக்க அவர்கள் கையாளும் ஒட்சாலிக்கமிலம் நஞ்சாகும்.

இவை பங்களாவுக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பழைய பங்களாக்கள் பல இன்று உல்லாசப் பயணிகள் தங்கும் மனைகளாகியுள்ளன. மறுபுறம், லயத்தை விட்டுத் தனிவீட்டில் குடியேறும் குடும்பங்களும் உள்ளன. அத்தகைய வீட்டில், பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஓர் அலுமாரி நிற்கிறது. அதன் மேல் மகள் ஆசையோடு வைத்த ஒரு கொடிச்சாடி. துரையின் மேசையில் வடு விழுந்தால் இன்னொரு மேசை வந்திருக்கும். இந்த அலுமாரிக்கு மாற்று எளிதில் வாராது.

ஆகவே அந்த மகளிடம் செடியை எடுத்துவிடு என்று சொல்ல வேண்டா. சாடியின் கீழே ஒரு தட்டும், தட்டின் கீழே இருவிரல் உயர மணையும் வைத்துக் கொடுங்கள். அவளுடைய பாட்டனும் பாட்டியும் பிறர் வீட்டு மரத்தைக் காத்த கலை, இனி அவளுடைய சொந்த வீட்டு மரத்தைக் காக்கட்டும்.