இரத்மலானையில் இறங்கிய போர் விமானங்கள்

கொழும்பு மாநகருக்குத் தெற்கே, காலி வீதியை அடுத்துள்ள இரத்மலானையில் ஒரு விமான நிலையம் அமைக்கலாமென்று 1934ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்க சபை தீர்மானித்தபோது, தபால் மூட்டைகளும் பிரயாணிகளும் வந்திறங்கும் ஸ்தலமாகவே அதனை யாவரும் மனத்தில் கொண்டிருந்தனர். மறு ஆண்டு நவம்பரில், டிண்டேல் பிஸ்கோ என்ற விமானி சென்னையிலிருந்து ஓட்டிவந்த ‘புஸ் மோத்’ என்னும் சிறு விமானம் அங்கே முதன்முதலாக இறங்கிற்று. 1938இல் டாட்டா கம்பெனியின் தபால் விமானங்களும் வரத் தொடங்கின.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, இந்து மகா சமுத்திரத்தின் கிழக்கு வாசல் ஜப்பானியருக்குத் திறந்துவிட்ட பின்னர், தபால் விமானத்துக்காகச் சமன் செய்த அதே நிலம் யுத்தத்துக்கு இன்றியமையாததாயிற்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் ‘இண்டோமிட்டபிள்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படையின் 30ஆம் அணி, தன் ஹரிக்கேன் விமானங்களோடு இரத்மலானையில் வந்து தங்கிற்று. கடற்படையின் ஃபுல்மார் விமானங்களும் அங்கே சேர்ந்தன. அது போதாதென்று, கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலிலும் ஓர் ஓடுபாதை போடப்பட்டு, கனவான்கள் பந்தயம் பார்த்த மேடைக்கு எதிரே 258ஆம் அணியின் ஹரிக்கேன்கள் வரிசையாக நின்றன.

ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. முந்தின நாளே, கொக்கலையிலிருந்து பறந்த ஒரு கட்டலினா நீர்விமானம் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுடப்பட்டு வீழுமுன் செய்தியனுப்பியிருந்தது. ஆயினும் காலையில் ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பை நெருங்கியபோது ரேடார் எச்சரிக்கை எதுவும் இரத்மலானைக்கு எட்டவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்துவிட்ட பிறகே விமானிகள் ஓடிச்சென்று விமானங்களில் ஏறினார்கள். ஆகாயப் போரில் உயரத்தில் இருப்பவனுக்கே முதல் அனுகூலம். இவர்களோ ஓடுபாதையை விட்டு எழும்பி, சக்கரங்களை உள்ளிழுத்து, உயரம் பிடிக்க முயன்றுகொண்டிருக்கும்போதே தாக்கப்பட்டார்கள். அருகிலிருந்த ரயில்வே பட்டறைகளும் குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை.

பந்தயத் திடலில் ஓடுபாதை இருப்பதை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை. அதனால் அங்கிருந்து 14 ஹரிக்கேன்கள் இடையூறின்றி எழும்பின. எழும்பியவற்றில் 9 வீழ்ந்தன என்பது வேறு துயரம். உலகறிந்த சிவில் விமான நிலையத்தில் போர் விமானங்களை நிறுத்துவதில் உள்ள பெருங்குறையை இவ்விரண்டு இடங்களின் வேறுபாடு காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது என்பது என் எண்ணம். பிரயாணிகளின் சௌகரியத்துக்காக நகரத்தின் பக்கத்திலேயே அமைத்த நிலையம், படை வந்து தங்கியதும், சுற்றிலும் குடியிருந்த சாமானிய மக்களையும் அபாயத்தின் எல்லைக்குள் இழுத்துவிட்டது. அன்று மூழ்கிய கப்பல்களின் பெயர்களைச் சரித்திர நூல்கள் தவறாமல் சொல்கின்றன. அந்த ஊரார் அனுபவித்த பீதியும் ஒரு பக்கமேனும் பெற உரியதல்லவா?

யுத்தம் முடிந்தபின் பந்தயத் திடல் மீண்டும் குதிரைகளுக்காயிற்று. இரத்மலானையிலிருந்து 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு அனுப்பிற்று. வழியில் அது இறங்கிய பலாலி விமானத்தளம், யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. நீர்கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவில் அதே படை விட்டுச்சென்ற தளமோ, 1960களில் தேசத்தின் பிரதான சர்வதேச விமான நிலையமாக வளர்ந்து, இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த அயல்நாட்டு விமானங்களைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது.