பழைய சேலையும் பச்சைக் குழந்தையும்

பிறந்த குழந்தைக்கு ராத்திரி என்ன உடுத்தித் தூங்க வைப்பது? இன்றைக்கு இது துணிக்கடையில் கேட்கிற கேள்வி. சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் ரொம்ப காலம் இதற்குப் பதில் வீட்டு மரப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. பிரசவ நாள் நெருங்கும்போதே அம்மாயி பழைய நூல் சேலைகளையும் வேட்டிகளையும் எடுத்துத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, கிழித்து மடித்து வைத்துவிடுவார். இடுப்புத் துணி, விரிப்பு, போர்வை, தொட்டில் எல்லாமே அதிலிருந்துதான். புதுத்துணி போடுவது பெயர் சூட்டும் நாளுக்குப் பிறகுதான்.

இதற்கு வறுமை மட்டும்தான் காரணம் என்று நினைத்தால் அது பாதி உண்மை. மீதிப் பாதி தறியில் இருக்கிறது.

இளம்பிள்ளை, திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று இந்தச் சமவெளி முழுக்க நெசவு ஊர்கள். தறியில் ஏற்றும் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சிக்கான ஸ்டார்ச் மாவு இதே வட்டாரத்துக் குச்சிக்கிழங்கிலிருந்தும் வருகிறது. ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்காக 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் சேலத்தில் தொடங்கப்பட்டதே இந்தத் தொழிலின் அளவைச் சொல்லும். ஆக, இங்கே நெய்கிறவர்களுக்கே நன்றாகத் தெரியும்: புதுத்துணி என்றால் கஞ்சித் துணி. மொடமொடவென்று இருக்கும், பச்சை உடம்பில் உரசும். பல வருடம் துவைத்த சேலையில் கஞ்சியும் போயிருக்கும், அதிகப்படி சாயமும் போயிருக்கும். நூல் இளகி, காற்று உள்ளே போகும், வியர்வையை உறிஞ்சும். பழைய சேலை ஏழையின் துணி மட்டும் அல்ல, இந்த ஊர் வெயிலுக்கேற்ற துணியும்கூட.

ஏனென்றால் பச்சைக் குழந்தையின் உடம்பு பெரியவர்கள் உடம்பு மாதிரி வேலை செய்வதில்லை. குளிர்ந்தால் அதற்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. சூடு அதிகமானால் பெரியவர்களைப் போல வியர்த்துத் தணித்துக்கொள்ளவும் முடியாது. போர்வையைத் தானே உதறவும் தெரியாது. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது என்பதால், சூடு வெளியேறும் முக்கியமான வழி தலைதான். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்குக் குளிர் ஆபத்து. நல்ல எடையுள்ள குழந்தைக்குச் சித்திரை மாதத்துச் சேலத்து ராத்திரியில் புழுக்கம்தான் கவலை.

குளிர்ப் பக்கத்துக்கு ஒரு நல்ல விடை ஏழை நாடு ஒன்றிலிருந்துதான் வந்தது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், டாக்டர் எட்கர் ரே எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக வைக்கச் சொன்னார். தொப்பியும் இடுப்புத் துணியும் மட்டும் போதும், மிச்சச் சூட்டைத் தாயின் உடம்பே கொடுக்கும். இன்று உலகம் முழுக்க 'கங்காரு பராமரிப்பு' என்று சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லித்தருகிறார்கள்.

அது வரைக்கும் குழந்தை எதில் தூங்குகிறது என்பது வீட்டு விஷயம். அரசாங்கம் அதில் தலையிட்டதில்லை. சேலத்தில் அது மாறியதன் காரணம் சந்தோஷமானது அல்ல. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் ஜெயலலிதா அரசு 'தொட்டில் குழந்தைத் திட்ட'த்தைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். (நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது. தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997இல்.) கொல்லாதீர்கள், வேண்டாமென்றால் இந்தத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்பதுதான் திட்டம். 2001இல் இது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் போனது. தாலாட்டுக்குரிய ஒரு சொல், அரசாங்கக் கோப்பில் இப்படி ஒரு அர்த்தத்தோடு ஏறியது. இந்தத் திட்டம் பெற்றோரின் பொறுப்பைக் கழற்றிவிடுகிறது என்ற விமர்சனமும் அப்போதே எழுந்தது. ஆனாலும் ஒரு குழந்தை பத்திரமாகத் தூங்கி எழுவது ஊருக்கும் பொறுப்பான விஷயம் என்பதை அந்தத் தொட்டில் ஒத்துக்கொண்டது.

அதே வருடங்களில் பணக்கார நாடுகளில் வேறொரு சோகம் நடந்துகொண்டிருந்தது. ஆரோக்கியமான குழந்தைகள் ராத்திரி தூங்கி, காலையில் எழுந்திருக்கவில்லை. நோயும் இல்லை, காயமும் இல்லை. மல்லாந்து படுத்தால் கக்கியது தொண்டையில் அடைத்துவிடும் என்று பயந்து, குப்புறப் படுக்க வைக்கச் சொல்லி டாக்டர் ஸ்பாக்கின் புகழ்பெற்ற குழந்தை வளர்ப்புப் புத்தகம் 1950களின் பிற்பகுதியிலிருந்து அறிவுரை சொல்லிவந்தது. கோடிக்கணக்கான வீடுகளில் அந்தப் புத்தகம் இருந்தது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பீட்டர் ஃபிளெமிங் குழுவினர் இறந்த குழந்தைகளையும் உயிரோடிருந்த குழந்தைகளையும் ஒப்பிட்டு 1990இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இறந்த குழந்தைகளில் அதிகம் பேர் குப்புறப் படுத்திருந்தார்கள். கூடவே, கனமான துணிகளால் அதிகமாகப் போர்த்தப்பட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க அறையில் ஹீட்டர் ஓடியதும் அதிகமாகத் தெரிந்தது. அன்பின் மிகுதியால் போட்ட துணியே எமனாகலாம் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் 'மல்லாந்து படுக்க வையுங்கள்' என்று பெரிய பிரசாரம் தொடங்கியது. சில வருடங்களிலேயே இந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. குப்புறப் படுப்பதன் ஆபத்தை 1970லேயே புரிந்துகொண்டிருந்தால் பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம் என்று 2005இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. ஒரு தவறான அறிவுரையின் விலை அது!

படுக்கும் விதத்தைப் போலவே, உடுப்பிலும் பாடம் விபத்துகளிலிருந்துதான் வந்தது. ராத்திரி உடையில் தீப்பிடித்துக் குழந்தைகள் காயப்பட்டதால், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா குழந்தைகளின் தூங்கும் உடைக்குத் தீத்தடுப்பு விதியைக் கொண்டுவந்தது. கம்பெனிகள் 'டிரிஸ்' என்ற ரசாயனத்தைத் துணியில் ஏற்றின. அது மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று அர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் இருவரும் 1977இல் எழுதினார்கள். அதே வருடம் அதற்குத் தடை வந்தது. 1996இல் விதி தளர்ந்தது: உடம்போடு ஒட்டிய பருத்தி உடைக்கும் ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உடைக்கும் விலக்கு. கழுத்தில் நாடா வைத்துத் தைக்காதீர்கள் என்ற வழிகாட்டுதலும் அதே வருடம் வந்தது, கழுத்து இறுகி நடந்த சாவுகளால்.

இதற்கும் நம்மூருக்கும் என்ன சம்பந்தம்? காவிரி தாண்டி ஈரோடு வழியாகப் போனால் திருப்பூர். அங்கேயிருந்து கப்பலேறும் குழந்தை உடைகள் இந்த விதிகளுக்கு உட்பட்டே தைக்கப்படுகின்றன. வெளிநாட்டுக் குழந்தைக்கான உடையின் கழுத்தில் நாடா இருக்கக்கூடாது என்பது அங்கே தையல் இயந்திரத்தில் உட்காருபவருக்கும் தெரியும். உள்ளூர்ச் சந்தையில் விற்கும் ஜப்லாவில் மட்டும் நாடா தொங்குகிறது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. குளிர் நாட்டுக்கான உடை நம்மூரில் பரிசுப் பொருளாகிவிட்டது. குழந்தை பார்க்க வருகிறவர்கள் தொப்பி, கையுறை, காலுறை, முயல் காது வைத்த பஞ்சுப் போர்வை என்று ஒரு செட் வாங்கி வருகிறார்கள். அதை எல்லாம் போட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டால், பிரிஸ்டல் ஆய்வு சொன்ன சூழ்நிலை அப்படியே இங்கே தயாராகிவிடுகிறது. ஹீட்டர் மட்டும்தான் பாக்கி, அந்த வேலையை அக்னி நட்சத்திரம் பார்த்துக்கொள்ளும்.

2015இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் கொண்ட 'அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம்' தரத் தொடங்கியது. துண்டு, உடை, சின்னப் படுக்கை, கொசுவலை எல்லாம் அதில் உண்டு. இந்த யோசனைக்கு உலகத்தில் ஒரு மூத்த அண்ணன் இருக்கிறது. பின்லாந்து 1938இல் ஏழைத் தாய்மார்களுக்குக் குழந்தைப் பெட்டி கொடுக்க ஆரம்பித்து, 1949இல் அதை எல்லாத் தாய்மார்களுக்கும் விரித்தது. பெட்டியே குழந்தைக்குக் கட்டிலும் ஆனது. அங்கே குளிருக்கு உடை, இங்கே கொசுவுக்கு வலை. சேலத்தில் 1992இல் கைவிடப்படும் குழந்தைக்காக வைத்த தொட்டிலிலிருந்து, பிறக்கும் குழந்தைக்கெல்லாம் படுக்கை என்பது வரைக்கும் வர 23 வருடம் ஆனது.

அதற்காக அம்மாயி செய்ததெல்லாம் சரி என்று சொல்லிவிடவும் முடியாது. கழுத்தில் கட்டும் கறுப்புக் கயிறு ஆபத்து. சேலைத் தொட்டிலில் குழந்தையின் தாடை நெஞ்சில் குத்தியபடி மடங்கினால் மூச்சு தடைப்படலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகள் தமிழ் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. கால்களை நேராக நீட்டி இறுகச் சுற்றுவதும் கெடுதல். ஜப்பானில் 1975 வாக்கில் அந்தப் பழக்கத்தை விடச் சொல்லிப் பிரசாரம் செய்தபின் இடுப்பு மூட்டு விலகும் குறை வெகுவாகக் குறைந்தது.

பழைய காலம் துணியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தது. புதிய காலம் அந்தத் துணியை எப்படி வைக்கக்கூடாது என்பதைக் கண்டுபிடித்தது. இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது மிகச் சுலபமானது: துவைத்து இளகிய ஒரு மெல்லிய பருத்தி உடை, பெரியவர்கள் போட்டிருப்பதைவிட அதிகபட்சம் ஒரு அடுக்கு கூட. வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம், எடை குறைந்த குழந்தைக்கு மட்டும் டாக்டர் சொல்கிறபடி. கழுத்தில் எதுவும் வேண்டாம், முகத்தருகே தளர்ந்த துணி வேண்டாம், சமமான கெட்டிப் படுக்கையில் மல்லாந்து. கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று பார்த்துப் பயப்படாமல், நெஞ்சிலோ பிடரியிலோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றிவிடுங்கள்.

இதற்குக் காசு எதுவும் செலவில்லை. ஆனால் இந்த நாலு வரியை உலகம் கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கான வீடுகள் அழ வேண்டியிருந்தது.