பெத்தாவின் வளவில் பூத்த கத்தாழை

போன சித்திரை விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் வலையிறவுப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குப் போனோம். போனது வேறு விசயத்துக்கு. பழைய கோயில் ஏடு ஒன்று இருக்கிறதென்று யாரோ சொன்னதை நம்பிப் போய், ஏடு கிடைக்காமல், வெயிலில் காய்ந்துகொண்டு திரும்பும்போதுதான் ஒழுங்கை முடக்கில் அதைக் கண்டோம். ஒரு வீட்டு வளவுக்குள்ளிருந்து தென்னம்பிள்ளை உயரத்தையும் தாண்டி ஒரு தண்டு எழும்பி நின்றது. உச்சியில் குத்துவிளக்குத் தட்டுகள்போலக் கிளைகள், அதில் மஞ்சள் பூக்கள், பூவைச் சுற்றித் தேனீக்கள். கீழே மஞ்சள் விளிம்பு வைத்த முரட்டு இலைகள். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கத்தாழைதான். ஆனால் அது பூக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்காரப் பெத்தா படலையைத் திறந்தா. "உள்ள வந்து பாருங்க மனே. இது பூத்தா மறுகா செத்துப் போகும்."

கீழ் இலைகளில் எழுத்துகள் இருந்தன. முள்ளால் கீறிய பெயர்கள், ஒரு இதயம், ஒரு கிரிக்கெட் ஸ்கோர். கத்தாழை இலையில் பெயர் எழுதாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. கீறிய தழும்பு இலை உயிரோடு இருக்கும்வரை அழியாது, இலையோ வருடக்கணக்கில் நிற்கும். பெத்தா ஒரு இலையைக் காட்டி, "இது என்ர மூத்தவன்ட எழுத்து" என்றா. அவன் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

திரும்பி வந்து இந்தச் செடியின் கதையைத் தேடத் தொடங்கினோம். கிடைத்தது ஏட்டைவிட நல்ல கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். தலைக்குப் பூசுவதும், நாவூறு படாமல் வாசலில் தலைகீழாகக் கட்டித் தூக்குவதும் சோற்றுக்கற்றாழை. அது வேறு குடும்பம். நாங்கள் கண்டது அகேவ். மெக்சிக்கோவும் அதை அண்டிய நிலங்களும்தான் அதன் தாய்மண். 1492இல் கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன்பு இந்தப் பக்கத்து உலகில் ஒரு அகேவ் செடிகூட இருந்ததில்லை. எனவே அதற்கு முந்திய காலத்துத் தமிழர் கற்றாழை என்று எதைச் சொல்லியிருந்தாலும் அது இதுவல்ல. வந்த செடிக்கு நம்மவர்கள் பழைய பெயரையே போர்த்திவிட்டார்கள். பெரிதாக இருந்ததால் ஆனைக்கற்றாழை. தமிழ்நாட்டில் தண்டவாள ஓரங்களில் நட்டதால் ரயில் கற்றாழை. பெயரின் அடியில் கிடக்கும் தாழையோ நம்முடையது, நம் தாழங்குடாவின் பெயரில் இருக்கிற அதே தாழை.

அகேவ் என்ற பெயரை 1753இல் லின்னேயஸ் வைத்தார். கிரேக்கச் சொல், மேன்மை பொருந்தியது என்று பொருள். மெக்சிக்கோ மக்கள் அதற்கு வெகு காலம் முன்பே இதை ஒரு தெய்வத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மாயாவெல் என்ற அந்தத் தெய்வம் இந்தச் செடியேதான். அவர்கள் இதில் கள் எடுத்தார்கள் என்று படித்தபோது எங்களுக்குள் ஒரே சிரிப்பு. பூந்தண்டு வரப்போகும் நேரம் பார்த்து நடுக்குருத்தை வெட்டிக் குடைந்து, அந்தக் குழியில் ஊறும் இனிப்பு நீரை நாள்தோறும் எடுத்துப் புளிக்கவைப்பார்கள். புல்கே என்று பெயர். நம் ஊரில் பாளை சீவுகிறவருக்கு இந்த வேலையை விளங்கப்படுத்த ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படாது.

இதன் உடலே வறட்சிக்காகச் செய்யப்பட்டது. மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து மூச்சுவிடும்போது இது மூடிக்கொண்டிருக்கும். வெயில் இறங்கிய பின் இரவில்தான் திறந்து காற்றை உள்ளே எடுக்கும். பகலில் அதை வைத்துச் சமைக்கும். இதனால் தண்ணீர் வீணாவதில்லை. கச்சான் காற்று மாதக்கணக்காக அடித்து வளவெல்லாம் புழுதியாகும்போதும் கத்தாழை மட்டும் திமிரோடு நிற்பதன் காரணம் இதுதான். மட்டக்களப்பில் அதற்குப் பிரச்சினை கோடையல்ல, மாரி. ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பெத்தா புத்தகம் எதுவும் படிக்காமலே இதைச் சரியாகச் செய்திருந்தா. செடி நின்றது ஒரு மணல் திட்டியில். சாடிகளுக்கு அடியில் ஓட்டுத்துண்டு.

அலங்காரத்துக்கு வளர்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இப்போது முகநூலில் விதவிதமான அகேவ் படங்கள் வருகின்றன. முள்ளில்லாத, நரிவால்போலப் பூத்தண்டு வளையும் அற்றெனுவாற்றா நம் ஈரத்தைத் தாங்கும், பனியைத் தாங்காது. அரிசோனா மலைகளின் பாரியியோ உறைபனியில் இருந்து பழகியது, நம் மார்கழி மழை அதற்கு ஒத்துவராது. 1875இல் விக்டோரியா மகாராணியின் பெயர் சூட்டப்பட்ட குட்டையான விக்டோரியே ரெஜினே, பார்க்கச் செதுக்கி வைத்ததுபோல இருக்கும். காட்டிலிருந்து பிடுங்கி விற்றே குறைந்ததால் இன்று அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அழகான செடி என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கவேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

குளிர் தேசத்தில் இது என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1934இல் அல்பிரட் வைற்றிங் என்பவர் மெக்சிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒரு அகேவ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்தது. வெளியே பனி. அது பூக்க எடுத்தது 80 வருடம்! 2014இல் தண்டு கிளம்பி மேலே போனபோது கூரைக் கண்ணாடியைக் கழற்றி வழிவிட்டார்கள். வெயிலில் நிற்கும் செடி பத்து முதல் முப்பது வருடத்துக்குள் பூத்துவிடும். நூற்றாண்டுச் செடி என்று வெள்ளைக்காரர் வைத்த பெயர் குளிருக்குள் பொறுமையாகக் காத்திருந்தவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்கவேண்டும்.

அழகுக்கு அப்பால் இதற்குப் பணமும் உண்டு. யுகட்டான் கரையில் சிசால் என்றொரு துறைமுகம், அங்கிருந்து கப்பலேறிய நாருக்கு அதே பெயர். 1893இல் ஜெர்மானியரான ரிச்சர்ட் ஹிண்டோர்ஃப் ஃபுளோரிடாவிலிருந்து ஆயிரம் குருத்துகளை வரவழைத்தார். கிழக்காபிரிக்காவின் டாங்காவில் உயிரோடு வந்து இறங்கியவை 62. அந்த 62இலிருந்து பெருகிய தோட்டங்கள் பின்னாளில் தன்சானியாவைச் சிசாலுக்குப் பெயர்போன நாடாக்கின. நைலோன் கயிறு வந்ததும் அந்தப் பெருமை சரிந்தது.

எங்கள் தீவில் கதை இன்னும் நுட்பமானது. இங்கே நாருக்கென்று ஏற்கெனவே ஒரு செடி இருந்தது, மரல். சங்கப் பாடல்களில் வருகிற அதே மரல். அதன் தாவரவியல் பெயரிலேயே சிலோன் இருக்கிறது: சான்செவியேரியா செய்லானிக்கா. சிங்களத்தில் நியந்த. கண்டிப் பக்கத்துக் கின்னர சமூகத்தவர் இந்த நாரில் பாய் நெய்ததை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தன் நூலில் பதிந்திருக்கிறார். இன்று அதே தும்பறைப் பாய்கள் பெரும்பாலும் ஹண என்ற செடியின் நாரில் நெய்யப்படுகின்றன. ஹண என்று சொல்வது அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கத்தாழை இனத்தைத்தான். 2021இல் யுனெஸ்கோ அந்தக் கைவினையைத் தன் பட்டியலில் சேர்த்தது. வந்தேறிச் செடி ஒன்று மரபாகிவிட்டது! யார் இந்த மண்ணுக்குரியவர், யார் வந்தவர் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பாயை விரித்துக் கொடுக்கலாம். இன்னொன்று, இன்றைய தாவரவியல் கணக்கில் மரலும் அகேவும் ஒரே குடும்பம். கஞ்சிக்குப் போடுகிற சாத்தாவாரியும் அதே குடும்பம்தான்.

இரண்டாம் முறை போனபோது பூக்கள் கருகியிருந்தன. இலைகள் சுருங்கித் தொய்ந்து, எழுத்துகள் மடிந்து வாசிக்க முடியாமல் இருந்தன. அப்போதுதான் பெத்தா அந்தச் செடி ஏன் அங்கே நிற்கிறதென்று சொன்னா. தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். "வேலி இல்ல, கூரை இல்ல, கிணறு தூர்ந்து போச்சு. எல்லாம் ஒரே பத்தை. நாலு மூலையிலயும் எங்கட அம்மா வெச்ச கத்தாழை மட்டும் நிண்டிச்சு. அதப் பாத்துத்தான் இது நம்மட வளவு எண்டு சொன்னம்." உறுதி எரிந்துபோயிருந்தது. பக்கத்து வளவுக்காரரும் அந்த மூலைகளை ஒத்துக்கொண்டார்.

அம்மா வைத்தது என்று சொன்னதைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும், குடி தாய்வழி. பெத்தாவுக்கு அது அவவின் தாயிடமிருந்து வந்தது. இனி மகளுக்கு.

கத்தாழையும் செத்தால் ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை. தாய்ச்செடியைச் சுற்றி மண்ணுக்கடியிலிருந்து குட்டிகள் கிளம்பியிருந்தன. எண்ணிப் பார்த்தோம், பதினேழு. பெத்தாவின் மகள் மண்வெட்டி கொண்டுவந்தா. பால் பட்டால் கடிக்கும் என்று கைக்குச் சொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு நாங்கள் கிண்டினோம், பட்டும்தான் விட்டது, இரண்டு நாள் சொறிந்தோம். ஒன்று அதே மூலையில். மூன்று மகளின் பிள்ளைகளுக்கு. ஆளுக்கொன்று எங்களுக்கு. மிச்சத்தை வாசலில் அடுக்கி வைத்துவிட்டு, "போற வாற ஆக்களுக்குக் குடுப்பம்" என்றா பெத்தா.

எழுத்து இருந்த அந்த இலையை மட்டும் அவ வெட்டவிடவில்லை. காயட்டும் என்றா.