‘செய்யாதே’ என்னும் சொல்லின் வழித்தடம்: திருவேங்கடச் சாரலில் ஒரு பார்வை

அமெரிக்காவில் படிக்கும் நம்மவர் பிள்ளைகள் பலர் பள்ளியில் ஸ்பானிஷ் மொழியைப் பாடமாக எடுக்கிறார்கள். அதில் ‘பேசு’ என்பதற்கு ‘ஆப்லா’; ‘பேசாதே’ என்றால் ‘நோ ஆப்லெஸ்’. ‘நோ’ வந்து நின்றால் வினையின் ஈற்று உயிரே மாறிவிடுகிறது. இதைக் கஷ்டம் என்கிறவர்கள் நம் வீட்டு இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

தமிழில் விதி எளிது. ‘படிக்க’, ‘நிற்க’, ‘வர’ என்பவற்றின் ஈற்று அகரத்தை நீக்கி ‘ஆதே’ சேர்த்தால் படிக்காதே, நிற்காதே, வராதே. ஆனால் இந்த ‘ஆதே’ ஆதியில் இருந்தே கோலோச்சியதன்று. பழங்கல்வெட்டுகளில் தர்மத்தை ‘மறவற்க’ என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ஔவையாரின் ஆத்திசூடி ‘ஏல்’ விகுதியால் விலக்கியது. (மார்கழியில் திருமலையில் ஓதும் திருப்பாவைப் பாட்டுகளின் இறுதியில் வரும் ‘ஏல்’ வேறு; அது தடுப்பதன்று.) அந்த இரண்டும் ஏட்டோடு நின்றுவிட, வாயில் தங்கியது ‘ஆதே’தான்.

சித்தூர், திருப்பதிப் பக்கம் தெலுங்கு கூடவே நடக்கிறது. அங்கே ‘சேய’ என்பதோடு ‘கு’ (அழுத்திச் சொல்ல வேண்டும்) சேர்ந்தால் ‘செய்யாதே’. நம் ‘வேண்டாம்’ அங்கே ‘வத்து’. ‘செய்யக் கூடாது’ என்பதோ ‘சேயகூடது’. ஒரு நெடில் குறுகியதுதான் வித்தியாசம்! எல்லைக்கோடு மட்டும் அடிக்கடி நகர்ந்தது. வடஆர்க்காட்டில் இருந்த பகுதிகளைச் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ் என்பதை இக்கோடுகள் எதுவும் அழித்துவிடவில்லை.

அழிவது வேறிடத்தில். ‘செய்யாதீர்கள்’, பேச்சில் ‘செய்யாதீங்க’ என்னும் மரியாதை வடிவத்தைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பேரன் தெலுங்கு ஆசிரியையிடம் ‘வெள்ளகண்டி’ என்று பணிவாகச் சொல்லுவான். பள்ளியில் கேட்டுக் கேட்டுப் பழகியது. வீட்டில் கேட்பதெல்லாம் நாம் அவனை அதட்டும் ‘ஓடாதே’, ‘தொடாதே’ மட்டும். ஊருக்குக் கிளம்பிய பாட்டியிடம் அவன் ‘போகாதே’ என்றான். பாட்டி செல்லமென்று சிரித்தாள். கூட நின்ற வேலூர்ச் சம்பந்தியம்மாள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.