தட்டு இருந்தது, படிக்கும் பொறி இல்லை

1085ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் தம் நாட்டின் நிலம், ஏர், ஆலை, குடிகள் அனைத்தையும் கணக்கெடுக்க ஆணையிட்டார். மறு ஆண்டு எடுக்கப்பட்ட அக்கணக்கு இலத்தீன் மொழியில் ஆட்டுத்தோல் ஏடுகளில் எழுதப்பட்டது. தீர்ப்பு நாளைப் போல மறுக்க இயலாதது என்ற பொருளில் மக்கள் அதனை டூம்ஸ்டே புத்தகம் என்றழைத்தனர். லண்டனில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அது இன்றும் இருக்கிறது. இலத்தீனும் அக்கால எழுத்துச் சுருக்கங்களும் அறிந்தவருக்கு அதனைப் படிக்கக் கண்களே போதும்.

அந்நூலின் 900ஆம் ஆண்டினையொட்டிப் புதியதொரு டூம்ஸ்டே கணக்கினை உருவாக்க பிபிசி நிறுவனம் 1984இல் முனைந்தது. பிரிட்டன் முழுவதையும் 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அருகிலிருந்த பள்ளிகளிடம் பெரும்பாலும் ஒப்படைத்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். மன்னரின் கணக்கர்கள் வரிக்காக எழுதினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ தங்கள் ஊரின் கடைகளையும் விளையாட்டுகளையும் அன்றாட வாழ்வையும் எழுதினார்கள். வரலாற்றை விரும்புவோருக்கு இரண்டாவதே அரியது என்பது நம் எண்ணம். இவையனைத்தும் 1986இன் இறுதியில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு லேசர் தட்டுகளில் வெளிவந்தன. செலவு ஏறத்தாழ 25 லட்சம் பவுண்டு.

இத்தட்டுகள் எவ்வாறு படிக்கப்பட்டன என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். பின்னாளில் நேர்ந்த சிக்கல் அனைத்தும் அங்கேதான் இருக்கிறது. ஒளித்தட்டு எதுவாயினும் அதன் உள்ளே நுண்ணிய குழிகள் சுருள்பாதையாக ஓடுகின்றன. குறுந்தகட்டில் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரான் தொலைவுதான். பாதையை நீட்டினால் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும். லேசர் ஒளி குழியின்மீது படும்போது மங்கலாகவும் சமதளத்தின்மீது படும்போது பிரகாசமாகவும் திரும்பி வருகிறது. தட்டு நடுங்கிக்கொண்டே சுழல்கிறது. அந்நடுக்கத்திற்கு ஈடாக வில்லையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் இடைவிடாது நகர்த்திக்கொண்டிருப்பதே டிரைவின் பெரும்பணி.

குறுந்தகட்டில் குழிகளுக்கும் இடைவெளிகளுக்கும் ஒன்பது நீளங்களே உண்டு. எனவே ஐயத்துக்கு இடம் குறைவு. 1960இல் ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் வகுத்த பிழைதிருத்த முறையின் துணையால், இரண்டு மில்லிமீட்டர் அகலக் கீறலையும் டிரைவ் ஈடுகட்டிவிடும். டூம்ஸ்டே தட்டோ இரட்டைப் பிறவி. படங்கள் பழைய தொலைக்காட்சி முறையில், நீளம் தொடர்ச்சியாக மாறும் குழிகளாகப் பதிந்திருந்தன. ஒலிக்கென ஒதுக்கிய இடத்தில் எழுத்துகள் இலக்கத் தரவாக, பக்கத்துக்குச் சுமார் 300 மெகாபைட் அளவில் அமர்ந்திருந்தன. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க பிலிப்ஸ் நிறுவனத்தின் விபி415 என்னும் பொறி வேண்டும். அதனுடன் இணைந்து பேச ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மாஸ்டர் கணினி வேண்டும். உரிய மென்பொருளும் வேண்டும். முழுத் தொகுதியின் விலை ஏறத்தாழ 5,000 பவுண்டு. எழுதிக்கொடுத்த பள்ளிகளில் பலவற்றால் அதை வாங்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கணினிகளை அறிந்தோருக்கு டிரைவின் பிடிவாதங்கள் புதியன அல்ல. ஒரே நாடாவில் வன்தட்டும் சிடி டிரைவும் மாஸ்டராகவே அமைக்கப்பட்டிருந்தால் கணினி ஒன்றையேனும் காணாது. பின்புறத்துச் சிறு ஜம்பரை ஸ்லேவ் இடத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். வெளியே வராத தட்டை, முகப்பிலுள்ள ஊசித்துளைக்குள் நிமிர்த்திய ஜெம் கிளிப்பைச் செருகி மீட்கலாம். வில்லையில் படிந்த தூசியைத் துடைக்கலாம். எதுவும் பலிக்காவிட்டால் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு வேறொரு டிரைவ் கிடைத்தது. கோடிக்கணக்கில் செய்யப்பட்ட பொருளுக்கு மட்டுமே வாய்க்கும் வசதி இது.

விபி415க்கு அந்த வசதி வாய்க்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள், ஒழுங்காக ஓடும் பொறியொன்றைத் தேடிப்பிடிப்பதே அரிதாயிற்று. தட்டுகள் பெரும்பாலும் நலமாகவே இருந்தன, குழிகள் அழியவில்லை, கேட்கும் செவிதான் மறைந்தது. தொள்ளாயிரம் ஆண்டு கண்ட தோலேட்டின் முன் பதினைந்தே ஆண்டில் ஊமையான தட்டினை வைத்து அன்றைய செய்தித்தாள்கள் நகைத்ததில் வியப்பில்லை.

மீட்பு பல கைகளால் நடந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய கேமிலியான் திட்டம், எஞ்சிய பொறிகளைக் கொண்டு தட்டின் உள்ளடக்கத்தைப் பெயர்த்தெடுத்தது. பழைய கணினியையும் பொறியையும் புதிய கணினிக்குள் மென்பொருளாகவே நடிக்கவைத்து 2002இல் வெற்றி கண்டது. தட்டிலிருந்து எடுத்த படங்களைவிட, தட்டு செய்வதற்கு முன்னர் உருவாக்கிய மூல ஒளிநாடாக்கள் தெளிவானவை என்பதால் 2003ஐ ஒட்டி அவையும் இலக்கமாக்கப்பட்டன. பின்னர் ஆர்வலர்கள் மற்றொரு வழி கண்டனர். பொறிக்குள் இருக்கும் மின்சுற்றுகளை நம்பாமல், லேசர் ஏந்தி வரும் மூல அலையை அப்படியே பதிவுசெய்து, அதற்குப் பொருள் காணும் வேலையை இன்றைய கணினியிடம் ஒப்படைக்கும் வழி அது. இதற்கும் பழைய லேசர்டிஸ்க் பொறி ஒன்று வேண்டும். ஆனால் விபி415ஆகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

பள்ளிப் பிள்ளைகள் எழுதிய தட்டினை மட்டும் 2011இல் பிபிசி இணையத்தில் வைத்தது. அத்தளம் 2018இல் மூடப்பட்டது. அதன் படி, தோலேடுகள் இருக்கும் அதே தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேமிப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது.