இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்: பட்டப்படிப்புகளும் பயிலும் முறையும்

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ), நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே 1985-இல் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். தலைமையகம் தெற்கு டெல்லியில் உள்ளது. ஆந்திரத்தில் 1982-இல் தொடங்கிய நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை வழிநடத்திய ஜி. ராம் ரெட்டியே இதன் முதல் துணைவேந்தர். 1987-இல் மேலாண்மை, தொலைநிலைக் கல்வி என இரண்டே பட்டயப் படிப்புகளுடனும் 4,528 மாணவர்களுடனும் கற்பித்தல் தொடங்கியது. இன்று சான்றிதழ்ப் படிப்பு முதல் முனைவர் பட்டம் வரை எல்லா நிலைகளிலும் சேரலாம். தமிழ்நாட்டில் சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உள்ளன.

ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சேர்க்கை நடக்கிறது. பி.ஏ., பி.காம். போன்ற இளநிலைப் படிப்புகளுக்கு பிளஸ் டூ போதும்; வயது வரம்பு கிடையாது. பி.எட்., பணியிலுள்ள செவிலியருக்கான பி.எஸ்சி. நர்சிங் போன்ற சிலவற்றுக்கு மட்டும் நுழைவுத் தேர்வு உண்டு. மூன்றாண்டு இளநிலைப் படிப்பை ஆறு ஆண்டுகளுக்குள்ளும், இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை நான்கு ஆண்டுகளுக்குள்ளும் முடிக்கலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கும் குழந்தை வளர்ப்பவர்களுக்கும் இந்தக் கால அவகாசம்தான் பெரிய உதவி.

பாடச்சுமை கிரெடிட் கணக்கில் அளக்கப்படுகிறது. ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆகவே நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி நேரம் தேவை. இதில் பாடநூல் வாசிப்பு, ஒளிபரப்புகள், வீட்டு எழுத்துவேலை எல்லாம் அடக்கம். ஆசிரியர் எதிரில் இருந்து விளக்குவதுபோல எழுதப்பட்ட பாடநூல்களே இங்கு வகுப்பறை. அவை ‘இ-ஞான்கோஷ்’ இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேருமுன் ஒரு பாடத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. கல்வி மையங்களில் நடப்பவை ஐயம் தீர்க்கும் அமர்வுகளே, முழு விரிவுரைகள் அல்ல. எழுத்துத் தாள்களுக்கு அவற்றில் வருகை கட்டாயமில்லை. ஆய்வகச் செய்முறை வகுப்புகளுக்கு மட்டும் கண்டிப்பாகப் போக வேண்டும்.

பலர் சறுக்குவது அசைன்மென்ட்டில்தான். பெரும்பாலான தாள்களில் மொத்த மதிப்பீட்டில் 30 விழுக்காடு இதற்கு, 70 விழுக்காடு பருவ இறுதித் தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். ஒன்றின் குறைவை மற்றதால் ஈடுகட்ட முடியாது. விடைகளைச் சொந்தக் கையெழுத்தில் எழுதி, முதல் பக்கத்தில் பதிவெண், தாளின் குறியீடு, கல்வி மையத்தின் எண் ஆகியவற்றைக் குறித்து ஒப்படைக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைப்பதும் நகல் எடுத்து வைப்பதும் மாணவரின் பொறுப்பு. மதிப்பெண் பதிவாகாமல் போகும்போது கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான். கடையில் விற்கும் ஆயத்த விடைகளை அப்படியே பார்த்து எழுதுபவர்கள் உண்டு. ஒரே மாதிரியான விடைத்தாள்கள் நிராகரிக்கப்படலாம் என்பது விதி.

தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். இளநிலைக்கு 35, முதுநிலைக்கு 40 விழுக்காடு தேர்ச்சி மதிப்பெண். தேர்வுக்குத் தனியே விண்ணப்பித்து, தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்த வேண்டும். அடுத்த ஆண்டுக்கான மறுபதிவும் அப்படியே: அரியர் இருந்தாலும் செய்யலாம், ஆனால் தானாக நடக்காது. கல்லூரி அலுவலகம் நினைவூட்டும் காரியங்களை இங்கே மாணவரே நாள் பார்த்துச் செய்தாக வேண்டும்.

பெரும்பாலான பட்டப்படிப்புகளின் பாடநூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. தமிழ்வழி படித்தவர்களுக்கு இது உண்மையான தடை. அவர்களுக்கு 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பொருத்தமாக இருக்கலாம்.

பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பளித்த தொலைநிலைப் பட்டம், நேரடியாகக் கல்லூரியில் பெறும் பட்டத்துக்கு இணையானது. ஆனால் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பெற்ற பட்டம் மாநில அரசுப் பணிக்குச் செல்லாது என்று தமிழ்நாடு அரசு 2009-இல் ஆணையிட்டது. முறைப்படி பள்ளி முடித்துச் சேருபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.