ஆளுக்கு எவ்வளவு?

போன மாசம் கடலைக்காய் பிடுங்கி முடிச்ச கையோட, டீக்கடை வேப்பமரத்தடியில் நாங்க ஆறு பேர் உக்காந்திருந்தோம். ஆறு பேரும் ஒண்ணாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரைக்கும் ஒரே பள்ளிக்கூடம். ஒருத்தர் இப்போ வாத்தியார். ஒருத்தர் விசைத்தறி போட்டிருக்கார். ஒருத்தர் திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒருத்தர் மளிகைக்கடை. நான் மூணு ஏக்கர் விவசாயம். ஆறாவது ஆள் ஆடு மேய்ச்சுக்கிட்டு, கூப்பிட்ட காட்டுக்குக் கூலி வேலைக்குப் போறவன்.

“வயசு அம்பதைத் தாண்டியாச்சு, சேர்ந்து ஒரு தடவை காசிக்குப் போய்ட்டு வந்துரலாம்”னு தறிக்காரர் ஆரம்பிச்சார். வாத்தியார் போனைத் தட்டிப் பாத்து, “ஆளுக்கு இருபதாயிரம் ஆகும், பத்து நாள்” அப்படின்னார். எல்லாரும் தலையை ஆட்டினோம். ஆறாவது ஆள் மட்டும் டீ கிளாசைக் கீழே வெச்சுட்டு, “ஆட்டுக்குத் தழை ஒடிக்கோணும், நீங்க பேசிட்டிருங்க”ன்னு எந்திரிச்சுப் போயிட்டான்.

அப்போ யாரும் ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். எங்க பக்கம் ஆம்பளைக் கூலி நாளைக்கு 500 ரூபாய்னு வெச்சாலும், 20,000-ங்கறது 40 நாள் கூலி. அதோட முடியலை. வாத்தியார் பத்து நாள் லீவு போட்டாலும் சம்பளம் வரும். தறி, முதலாளி இல்லாட்டியும் ஓடும். இவனுக்குப் பத்து நாள் கூலியும் போகும், ஆட்டைப் பாக்கற ஆளுக்கும் காசு கொடுக்கணும். ஒரே பயணத்துக்கு இல்லாதவன் ரெண்டு தடவை செலவு பண்ணணும். “ஆளுக்கு இவ்வளவு”ங்கற சமமான கணக்கு உண்மையில் சமமில்லைன்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

அப்புறம் ஒரு யோசனை ஓடுச்சு. பெரியவங்கெல்லாம் கூட்டங்கூட்டமாத்தானே யாத்திரை போனாங்க? அவங்களுக்குள்ளேயும் இருக்கப்பட்டவன், இல்லாதவன் இருந்திருப்பானே. அவங்க எப்படிச் சமாளிச்சாங்க?

எங்க பக்கத்துக் கதையிலிருந்தே ஆரம்பிக்கறேன். கொங்கு நாட்டுக்காரங்க பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவேரித் தண்ணி எடுத்து, தீர்த்தக் காவடியாப் பழனிக்குக் கொண்டுபோவாங்க. இன்னைக்கும் நடக்குது. 80 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம், கொளுத்துற வெயில். ஏன் இந்த வெயில்ல போறாங்கன்னு சின்ன வயசில் அப்பாருகிட்டக் கேட்டிருக்கேன். “வேற எப்பொப் போறது? மழை பேஞ்சா ஏர் ஓட்டோணும், கதிர் வந்தா காவல் காக்கோணும்”னார். வானம் பாத்த பூமியில் பங்குனி வேலை இல்லாத மாசம். அந்த மாசம் யாருக்கும் கூலி கெடாது. சாமிக்கு நாள் குறிச்சதில் என்ன காரணம் இருந்ததோ, குடியானவனுக்கு அது தோதான நாள்.

அப்பாரு காலத்தில் வண்டி கட்டிப் போனாங்க. அதில் “ஆளுக்கு இவ்வளவு”ங்கற பேச்சே கிடையாது. வண்டி இருக்கறவன் வண்டி, நல்ல எருது வெச்சிருக்கறவன் எருது. ஒரு வீட்டில் வரகரிசி, ஒரு வீட்டில் புளி மொளகாய், இன்னொரு வீட்டில் சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும். ஒண்ணுமில்லாதவன் விறகு பொறுக்குவான், தண்ணி சேந்துவான். எல்லாமே பண்டமாவும் வேலையாவும் வந்ததால், யார் எவ்வளவு போட்டாங்கன்னு காசில் எண்ணிப் பாக்க வழியில்லை.

அதைவிடப் பெரிய ஏற்பாடு மடிப்பிச்சை. பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டிக்கிட்டவங்க மஞ்சத்துணி கட்டிக்கிட்டு நாலு வீட்டில் பிச்சை எடுத்து, அந்தக் காசில் போகணும். நூறு ஏக்கர்க்காரனா இருந்தாலும் வேண்டுதல்னா வாசல்ல நின்னு மடி ஏந்தித்தான் ஆகணும். பக்திக்காக, ஆணவம் அடங்கறதுக்காகன்னு சொல்லுவாங்க, சரிதான். ஆனா எனக்கு இன்னொண்ணு தோணுது. எல்லாரும் பிச்சை எடுக்கறப்போ, உண்மையிலேயே கையில் காசில்லாதவனுக்கு வெக்கப்பட வேண்டிய அவசியமில்லை. ஊரே சேர்ந்து அவனை அனுப்பி வெச்சிடும். யார் வேண்டுதலுக்கு எடுத்தான், யார் வழியில்லாம எடுத்தான்னு யாருக்கும் தெரியாது.

ஊருக்குள்ளே இப்படின்னா, வழியில் சத்திரம் இருந்தது. ராணி மங்கம்மாள் மதுரையை ஆண்டது 1689-லிருந்து 1706 வரைக்கும். அவங்க போட்ட சாலைகளை இன்னும் மங்கம்மா சாலைன்னே சொல்றாங்க. அவங்க பேரில் இருக்கற சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் இன்னைக்கும் இருக்கு. தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போற வழியில் வரிசையாச் சத்திரம் கட்டினாங்க. ஒரத்தநாட்டில் இருக்கற முத்தாம்பாள் சத்திரம் ரெண்டாம் சரபோஜி காலத்தில் வந்தது. சத்திரத்தில் தங்க வாடகை இல்லை, சோறும் போடுவாங்க. பயணத்தில் பெருஞ்செலவு தங்கறதும் திங்கறதும்தானே. அந்த ரெண்டையும் ராஜாவோட மானியம் ஏத்துக்கிட்டதால், பணக்காரனும் ஏழையும் ஒரே பாதையில் போக முடிஞ்சது.

இன்னொரு வழி, ஒரே மடியிலிருந்து எல்லாருக்கும் செலவு. இதே சரபோஜி 1820 வாக்கில் காசிக்குப் போனப்போ கூடப் போனவங்க ஏறக்குறைய 3,000 பேர். செலவு ராஜாவோடது. சென்னையில் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரா இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாசம் கிளம்பி நூறு பேர் அளவில் ஒரு கூட்டத்தோட காசிக்குப் போனார். அவர் பல்லக்கில், மத்தவங்க நடை. 15 மாசம் கழிச்சு 1831 செப்டம்பரில் திரும்பி வந்தார். அந்தப் பயணத்தைத் தெலுங்கில் எழுதியும் வெச்சிருக்கார். ஒருத்தர் மடியில் நூறு பேர் காசியைப் பாத்தாங்க. ஆனா எங்கே தங்கறது, எப்பொக் கிளம்பறதுங்கறதை மடிக்காரர்தான் முடிவு பண்ணுவார். அது நண்பர்கள் போற பயணமில்லை, எசமானோட ஆளுங்க போற பயணம். எங்க தறிக்காரர் மனசு வெச்சா அவன் பங்கை அவரே கட்டிருவார். அப்புறம் அவன் பயணம் பூரா அவருக்குப் பை தூக்க வேண்டி வரும். அவர் சொல்லாட்டியும் தூக்குவான்.

எனக்குப் பிடிச்ச கணக்கு செட்டிநாட்டு நகரத்தார் கணக்கு. அவங்களும் பல நூறு வருசமாப் பழனிக்குக் காவடியோட நடந்து போறவங்க. அவங்க ஊர்ப் பொதுக் காரியத்துக்குப் பணம் சேக்கறதில் ரெண்டு வகை உண்டு. ஒண்ணு புள்ளி வரி. கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிக்கும் ஒரே தொகை. இன்னொண்ணு ஆஸ்திப் பணம். அது அவங்கவங்க சொத்துக்குத் தக்கபடி. ரெண்டையும் சேத்து வெச்சதில்தான் சூட்சுமம் இருக்கு. புள்ளி வரி கட்டினதால், “நானும் கட்டினவன்”னு ஏழையும் பந்தியில் நிமிர்ந்து உக்காரலாம். ஆஸ்திப் பணம் இருக்கறதால் காரியமும் நிக்காது. வட்டிக்கடை வெச்சுக் கடல் கடந்தவங்களுக்குக் கணக்கு மட்டுமில்லை, மனுசனோட ரோசமும் தெரிஞ்சிருக்கு.

இதையெல்லாம் மாத்தினது ரயிலுங்க. தென்னாட்டில் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரைக்கும் ஓடுச்சு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேஸ்வரத்துக்கே ரயில் போக ஆரம்பிச்சது. மாசக்கணக்கில் போற தூரம் நாள்கணக்கா ஆனது பெரிய நன்மைதான். ஆனா ரெண்டு விசயம் நடந்துபோச்சு. ஒண்ணு, வண்டிக்கு வரகரிசி கொடுத்துச் சேர்ந்துக்கலாம். டிக்கெட் ஜன்னல்ல வரகரிசி செல்லாது. காசு வேணும், அதுவும் தலைக்கு இவ்வளவுன்னு. “ஆளுக்கு எவ்வளவு”ங்கற கேள்வி அங்கேதான் வலுவாப் பிறந்திருக்கணும். ரெண்டாவது, ஒரே ரயிலுக்குள்ளே முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்புன்னு பெட்டி பிரிஞ்சது. காந்தி 1917-ல் மூன்றாம் வகுப்பு பத்தி ஒரு சின்னப் புத்தகமே போட்டார். முதல் வகுப்புக் கட்டணம் அஞ்சு மடங்குக்கும் மேலே, அதுக்காக மூன்றாம் வகுப்புக்காரனுக்கு அந்த வசதியில் அஞ்சில் ஒரு பங்காவது கிடைக்குதான்னு அதில் கேட்டிருக்கார். மூன்றாம் வகுப்புங்கற பேர் 1974 வரைக்கும் இருந்தது.

இதுவரைக்கும் எழுதிட்டு, “அந்தக் காலம் பொற்காலம்”னு முடிச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா அப்பாரு சொன்ன வண்டிக் கதையில் ஒரு ஆளை நான் இன்னும் சொல்லலை.

அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஒருத்தர் நடந்து வந்தாராம். பழனி வரைக்கும் நடை. எருதுக்குத் தண்ணி காட்டினது, ராத்திரி காவல் இருந்தது எல்லாம் அவர். வண்டியில் இடம் இருந்தும் அவர் ஏறக்கூடாது. சோறு தனியா. அடிவாரத்துக்குப் போனதும் எல்லாரும் மலையேறிட்டாங்க. அவர் மாட்டைப் பாத்துக்கிட்டுக் கீழேயே நின்னார். நிக்க வெச்சாங்க. அவங்க சனத்தைக் கோயிலுக்குள்ளே விடாத காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளே வைத்தியநாத ஐயர் கூட்டிக்கிட்டுப் போனது 1939-ல். சென்னை மாகாணத்துக்கே ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். அப்பாரு சொல்ற பயணம் அதுக்கு முந்தினது. சத்திரத்துச் சோத்திலும் சாதிப் பந்தி இருந்தது.

அப்படி நடந்து போனவரோட பேரன்தான் எங்க ஆறாவது ஆள்.

பள்ளிக்கூடத்துப் பெஞ்சுதான் எங்களை முதல்முதல்ல ஒண்ணா உக்கார வெச்சது. அங்கே “டேய்”னு கூப்பிட்டுச் சண்டை போட்டவன், படிப்பை விட்டதும் நாலு பேர் முன்னாடி எங்களை “வாங்க, போங்க”ன்னு பேச ஆரம்பிச்சான். நாங்களும் அதைச் சரி பண்ணலை, கவனிக்காத மாதிரி இருந்துட்டோம். இப்போ “ஆளுக்கு இருபதாயிரம்”னு சொன்னப்போ அவங்க அப்பாரு நின்ன அதே அடிவாரத்தில் அவனை நிக்க வெச்சிருக்கோம். அன்னைக்கு சாதி சொல்லி, இன்னைக்குக் காசு சொல்லி.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவனைத் தவிர அஞ்சு பேரும் கூடினோம். இதையெல்லாம் சொன்னேன். தறிக்காரர் நல்ல மனசோடதான், “அவன் காசு கொடுக்க வேண்டாம். நல்லாச் சமைப்பான், வந்து சமைச்சுக் கொடுக்கட்டும்”னார். வாத்தியார் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “அது மறுபடியும் வண்டிக்குப் பின்னால நடக்க வெக்கிற மாதிரி ஆயிருமே”ன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

கடைசியில் நகரத்தார் கணக்குக்கு வந்தோம். காசியைத் தள்ளி வெச்சாச்சு. ராமேஸ்வரம், நாலு நாள். பங்குனியில், எல்லாருக்கும் வேலை குறையற மாசமாப் பாத்து. புள்ளிக் காசு மாசம் 500, ஆறு மாசம். ஆறு பேரும் எண்ணிக் கொடுக்கணும், நோட்டில் எழுதணும். அது 18,000 ஆகும். மிச்சத்துக்கு மளிகைக்கடையில் ஒரு பூட்டுப் போட்ட உண்டியல். அதில் யார் எவ்வளவு போடறாங்கன்னு கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. கிளம்பற அன்னைக்குத்தான் திறப்போம். தங்கறது எல்லாரும் ஒரே அறை, ஏறறது எல்லாரும் ஒரே பெட்டி. சமையல் முறை வெச்சு ஆளுக்கு ஒரு வேளை. என் முறைக்கு என்ன கதியோ தெரியலை. அவன் ஆட்டை நாலு நாள் எங்க பையன் பாத்துக்குவான்.

சாயங்காலம் நானே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கட்டுத்தறியில் ஆட்டைக் கட்டிக்கிட்டே கேட்டான். “எல்லாரும் ஐநூறுதானா?”ன்னான். “எல்லாரும் ஐநூறுதான்.” “உண்டியல்ல நானும் போடலாமா?” “உண்டியல்ல யார் போட்டா யாருக்குத் தெரியும்?”னேன்.

உள்ளே போய் அரிசி டப்பாவிலிருந்து நூறும் அம்பதுமா எடுத்துக்கிட்டு வந்து என் கையில் வெச்சான்.

“எண்ணிப் பாத்துக்கடா”ன்னான்.

எண்ணிப் பாத்தேங்க. சரியா ஐநூறு இருந்தது.